வெள்ளைப் பெட்டி விலைபோகாது

டெலிபோன் அலறியது!

பூட்டுக்கடைக்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எதிரே நின்ற கான்ஸ்டபிளை மடக்குவதில் மும்முரமாக இருந்தார்.

மேசை மேல் மூன்று பெட்டிகளில் கதவுப் பூட்டுகள். வெள்ளை நானூறு. நீலம் ஆயிரத்து நூறு. தங்க நிறம் மூவாயிரம்.

"லாக்கப் கதவுக்கா சார்? வெள்ளை வேணாம். அது கோழிக்கூண்டுக்குப் போடறது..." என்று இழுத்தார்.

கான்ஸ்டபிள் வெள்ளைப் பெட்டியைச் சட்டென்று கீழே வைத்தார். தங்கத்தின் விலையைப் பார்த்து மலைத்தார். நீலத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"நடுவுல இருக்கறதே குடுய்யா."

எல்லோரும் அப்படித்தான். கஞ்சன் என்ற பெயரும் வேண்டாம், ஏமாளி என்ற பெயரும் வேண்டாம்!

மறுபடி டெலிபோன். இப்போது எடுத்தார்.

"மச்சான்..." அக்கா புருஷனின் குரல் நடுங்கியது. "அக்காவை எவனோ மண்டையில அடிச்சுப் போட்டுட்டான்! ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாம கிடக்கா... போலீஸ் என்னைப் போய்..."

லைன் அறுந்தது.

அக்கா வீட்டு வாசலில் ஒரே கூட்டம். உள்ளே அலமாரி திறந்து கிடந்தது. நகைப்பெட்டியைக் காணோம். தரையில் ரத்தம்...

மாமா கையில் விலங்கு!

"மேடம், எங்க மாமா பூனையைக்கூட அதட்ட மாட்டார்!"

இன்ஸ்பெக்டரம்மா கதவைக் காட்டினார்.

"பாருங்க, ஒரு கீறல் கிடையாது. உங்க அக்கா உள்ளே பூட்டிட்டுத் தூங்கியிருக்காங்க. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு அவங்க தலையணைக்கு அடியில. இன்னொண்ணு இவர் பாக்கெட்ல. அப்ப திறந்தது யாரு... பேயா?"

"கள்ளச்சாவி போட்டு..."

"இதுக்கா? ஒசந்த பூட்டாச்சே! என் தம்பி கடைத் தங்கப் பெட்டின்னு உங்க அக்கா தெரு முழுக்கப் பீத்திட்டிருந்தாங்களாமே!"

கடைக்காரர் பூட்டிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஏனென்றால்... மூன்று பெட்டியிலும் இருப்பது ஒரே பூட்டு!

ஒரே அச்சு. ஒரே சாவி. வெறும் நானூறுக்கு விற்றபோது சீந்த ஆளில்லை. மலிவுப் பூட்டை நம்பி எவன் தூங்குவான்? மூன்று நிறப் பெட்டியில் போட்டார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

ஒருமுறை நீலப் பெட்டிக்காரர் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தார். வெள்ளைப் பெட்டிச் சாவி அதற்குப் பொருந்தியது. கடைக்காரர் பயப்பட வேண்டியவர், சிரித்தார். புதுச்சாவி செய்த கூலி என்று அதற்கும் காசு வாங்கினார்!

அக்காவிடமும் வாங்கினார். மூவாயிரத்தில் நூறு குறைத்தார். "எனக்குப் போய்க் குறைப்பியா? நீ நாலு காசு பாருடா" என்று அந்த நூறையும் அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனாள் அக்கா.

நினைக்க நினைக்கக் கூசியது.

சொன்னால் கடை போகும், மானம் போகும். சொல்லாவிட்டால் மாமா உள்ளே போவார்.

ஜீப்பில் ஏறப்போன மாமா திரும்பினார். "மச்சான்... எனக்காகக் கடையை மூடிட்டு அலையாத. யாவாரம் கெட்டுடும்."

அதற்கு மேல் தாங்கவில்லை.

"நில்லுங்க மேடம்!"

பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அக்கா வீட்டுக் கதவில் நுழைத்தார்.

க்ளிக்!

"இது... வெள்ளைப் பெட்டிச் சாவி" என்றார், தரையைப் பார்த்தபடி. மிச்சத்தையும் சொன்னார்.

"அடப்பாவி! ஊரையே ஒரே சாவியில கோத்து வச்சிருக்கியேய்யா!" 'ங்க' போய் 'ய்யா' வந்துவிட்டது.

மாமா திட்டவில்லை. "உங்க அக்காகிட்ட சொல்லிடாத மச்சான். தாங்க மாட்டா" என்றார் மெல்ல. கடைக்காரருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"மூணும் ஒண்ணுன்னு வேற யாருக்குத் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எனக்கு மட்டுந்தான்... அப்புறம்..." திடுக்கிட்டார். "விலை வாத்தியார்!"

"அது யாரு?"

"எங்களை மாதிரி வியாபாரிங்களுக்கு விலை வைக்கச் சொல்லித் தர்றவர். மூணு பெட்டி யோசனையே அவரோடதுதான். வெள்ளைப் பெட்டியை வாங்கின ஒரே ஆளும் அவர்தான் மேடம்! ஞாபகமா வச்சுக்கறேன்னார்..."

"உங்க அக்கா வீடு அவனுக்கு எப்படித் தெரியும்?"

தலை இன்னும் தாழ்ந்தது. "தங்கப் பெட்டி வாங்கறவங்க விலாசம் கேட்டார். திருப்தியான்னு நேர்ல விசாரிக்கணுமாம். நான்தான்... சொன்னேன்."

"பலே! எவன் வீட்ல நகை இருக்குன்னு திருடன் தேடி அலையவே வேணாம். தங்கப் பெட்டியை வாங்கறவன் அவனே கையைத் தூக்கிக் காட்டிடறான்!"

மறுநாள் கடைக்காரர் போன் போட்டார். "வாத்தியாரே, இன்னிக்கு ஒரு தங்கப் பெட்டி போச்சு. வயசான அம்மா. மத்தியானத்துல தனியாத்தான் இருப்பாங்களாம்..."

மத்தியானம். அந்த வீட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

சோபாவில் இன்ஸ்பெக்டரம்மா!

"வாங்க வாத்தியாரே! திருப்தியான்னு கேக்க வந்தீங்களா?"

நகைப்பெட்டி அவன் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தது. மாமாவின் விலங்கு கழன்றது.

மாலையில் அக்கா கண் விழித்தாள். தம்பியைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

"பூட்டு மேல தப்பில்லடா... நான்தான் சரியாப் பூட்டல போலிருக்கு. உன் கடைக்குக் கெட்ட பேர் வந்துடப் போகுது... யார்கிட்டயும் சொல்லாத."

உடைந்து அழுதார். ஒன்று விடாமல் சொன்னார்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. திரும்பாமலே சொன்னாள்.

"அந்த நூறை வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் போலீஸ். மோசடிக் கேஸ்!

லாக்கப்பில் வாத்தியாருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கான்ஸ்டபிள் கதவைப் பூட்டிவிட்டு நகர்ந்தார். கடைக்காரர் பூட்டைப் பார்த்தார். வெளிறிப்போனார்.

"சார்... அந்தப் பூட்டை மாத்திடுங்க."

"ஏன்?"

"அது... நேத்து என்கிட்ட வாங்கினது." குனிந்த தலை நிமிரவில்லை.

கான்ஸ்டபிள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைத்தார்.

"யோவ்! கோழிக்கூண்டுக்குத்தான் வெள்ளைன்னு சொல்லி நீலத்தை என் தலையில கட்டினியே... இப்ப இந்த ரெண்டு கோழியையும் நான் எதைப் போட்டுய்யா பூட்டறது?"