செவந்தி முட்டிய பல்

அட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மதியம்தான். ஆனால் எதிரே வருகிற ஆள் தெரியாத மூடுபனி. வீங்கிய கன்னத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டு, பல் டொக்டர் ஞானரட்ணம் வைத்தியம் பார்க்கும் பழைய பங்களாவுக்குள் காளியாயி நுழைந்தாள். பின்னாலேயே புருஷன் அழகன் புலம்பிக்கொண்டு வந்தான்.

“சனியன் புடிச்ச பல்லு. தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே புடுங்கிப் போட்டிருக்கலாம்ல?”

ஒரு பல்லுக்காக யாராவது இப்படி மல்லுக்கு நிற்பார்களா? காளியாயி நின்றாள். அந்தக் கறுத்த முன்பல், செத்துப்போன மகள் செவந்தி முட்டிய பல். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, மடியில் பால் குடித்த ஒன்பது மாதப் பிள்ளை துள்ளியதில் தலை வந்து பல்லில் மோதியது. வலியில் கண் இருண்டு, பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள் பாவி. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று, பிள்ளையைப் பாதிப் பசியோடு, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்க ஓடினாள். மத்தியானம் பால் கொடுக்க வந்தபோது பிள்ளை ஜன்னி கண்டு செத்துக் கிடந்தது. ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தப் பல்தான் மிச்சம்.

“புடுங்கிறாதீங்க சாமி” என்று டொக்டரைக் கும்பிட்டாள்.

“புடுங்கலம்மா. ஈறைக் கீறி, வேர் நுனியில அழுகினத மட்டும் வெட்டி எடுத்துட்டா பல்லு நிக்கும்.”

ஊசி போட்டார். உதடும் கன்னமும் மரத்துப் போயின. அழகன் வெளியே போய் உட்கார்ந்தான்.

கத்தி பட்டது தெரியவில்லை. எலும்பைக் குடையும் கரகரப்பு மட்டும் மண்டைக்குள் கேட்டது. சீழ் நாற்றம் அறையெல்லாம் பரவியது.

நாற்றத்துக்கு நடுவே பால் வாசம் வந்தது.

மரத்துப்போன கன்னத்தில் ஒரு கை பட்டது.

குளிர்ந்த, குட்டிக் கை.

“பெற்றீசியா, கையை எடுங்க. மறைக்குது” என்றார் டொக்டர்.

நர்ஸ் பெற்றீசியா ஜன்னலோரம் நின்றிருந்தாள். “நான் இங்கதானங்க சார் நிக்கிறேன்?”

டொக்டர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தையல் ஊசியை எடுத்தார்.

காளியாயியின் மடியில் பாரம் ஏறியது. பயந்தாளா? பயந்தாள். ஆனாலும் காலை அசைக்க மனசு வரவில்லை.

தையலைப் போட்டு முடித்து, “பல்லு நின்னுக்கும்” என்று டொக்டர் அவள் முகத்தைப் பாராமல் சொன்னார்.

வாய் கழுவும் அறையில்தான் ரவிக்கை நனைந்திருப்பதைப் பார்த்தாள். ரத்தமாக்கும் என்று ஊக்கை அவிழ்த்தாள்.

பால்.

மூன்று வருஷமாக வற்றிக் கிடந்த மார்பு அது. காம்பைச் சுற்றிப் பல் தடம், இன்னும் ஈரமாக. சாகும்போது செவந்திக்குக் கீழே இரண்டே பல்தான் முளைத்திருந்தது. இந்தத் தடத்தில் மேலும் கீழும் முழு வரிசை இருந்தது.

“வளந்துட்டியா தாயி?” என்றாள். நெஞ்சு வெடித்துவிடும்போல அழுகை வந்தது. “அடிச்சுட்டேனேடி. இனி அடிக்க மாட்டேன்டி.”

“யாரோட பேசுற? பஸ்சுக்கு நேரமாச்சு!” வெளியிலிருந்து அழகன் கதவைத் தட்டினான்.

“நீங்க போங்க” என்றாள் காளியாயி.

ஈரத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியை விரித்தாள்.