கை மறைத்த பக்கம்

நூலகத்தின் அடித்தள அறைக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். பழைய ஏடுகளைப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணைய நூலகத்தில் ஏற்றுவது என் வேலை. அன்று மேசையில் இருந்தது ஒரு சாய ஆலையின் மருத்துவப் பதிவேடு. அதன் நாற்பத்தோராம் பக்கத்தில் என் அக்கா புருஷன் பெயர் இருந்தது. நுரையீரல் கெட்டுவிட்டது என்று ஆலை மருத்துவர் எழுதியிருந்தார். அத்தானிடம்தான் சொல்லவில்லை. அவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அப்படி ஒரு பதிவே கிடையாது என்று ஆலை இன்றைக்கும் சாதிக்கிறது.

மறுநாள் காலை ஆலை ஆட்கள் வந்து பதிவேட்டைத் திரும்ப எடுத்துப்போக ஏற்பாடு. எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

பழைய நூலகர் இதை ஆலைக்காக இருபது வருடம் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். கேட்டு வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்தார், என் அக்காவையும் சேர்த்து. போன வருடம் அவர் செத்த பிறகுதான் சாவி எங்களுக்குக் கிடைத்தது.

பக்கத்தை விரித்து அதன்மேல் கண்ணாடியை இறக்கினேன். கால்மிதியை அழுத்தினால் மேலே இருக்கும் கேமரா படமெடுக்கும். கைக்கு வேலையில்லை.

பக்கத்து மேசையில் படங்களைச் சரிபார்ப்பவர் சோடாபுட்டி சார். கண்ணாடியைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் கேட்க மாட்டீர்கள்.

"நாப்பத்தொண்ணுல உங்க கை விழுந்திருக்கும்மா. திரும்ப எடுங்க."

எடுத்தேன்.

"மறுபடியும் கை."

"என் கை ரெண்டும் மடியில இருக்கு சார்."

எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். நரம்பு புடைத்த கிழட்டுக் கை ஒன்று அத்தான் பெயரின்மேல் கவிந்திருந்தது. நகத்தில் ஊதா மை. கை கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

சோடாபுட்டி சார் முகத்தில் ஈயாடவில்லை.

"பழைய நூலகர் பெரியவரோட கை," என்றார் மெதுவாக. "முத்திரை மை. சாகுற வரைக்கும் போகல."

திரும்பி வந்து பார்த்தேன். பக்கத்தின்மேல் ஒன்றுமில்லை. பாச்சை உருண்டை வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது.

விளக்கு மங்கியது.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

"மூடு."

பயந்தேன். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் இந்தக் குரலுக்குப் பயந்துதானே அக்கா அழுதுகொண்டே வீடு திரும்பினாள் என்று நினைத்ததும் பயத்தை மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது. கால்மிதியை ஓங்கி மிதித்தேன்.

"மூட மாட்டேன். யார் பேரை மறைக்கிறீங்க? இதோ, வாசிக்கிறேன், கேளுங்க."

பக்கத்தின் கடைசிப் பெயரைச் சத்தமாக வாசித்துக்கொண்டே மிதித்தேன்.

"அம்மா!" சோடாபுட்டி சார் கத்தினார். "கை கீழ போயிடுச்சு! மேல் பாதி சுத்தமா விழுந்திருக்கு!"

எந்தப் பெயரை வாசித்தேனோ அங்கே ஓடியிருக்கிறது அந்தக் கை. இருப்பதோ ஒரு கைதான். உடனே முதல் பெயரை வாசித்து மிதித்தேன். கை மேலே ஏறியது. கீழ்ப் பாதியும் கிடைத்தது. சோடாபுட்டி சார் இரண்டையும் ஒட்டிக் கொடுத்தார். நான்கு மணிக்கு ஏற்றினேன்.

மாலையில் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"பார்த்துட்டேன்டி. அவர் பேரு, அவர் வியாதி, தேதி, எல்லாம் இருக்கு." அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வாசல்ல யாரோ தட்டுறாங்க. பக்கத்தை மூடு, மூடுங்கிறாங்க."

"கதவைத் திறந்துடாதே."

"நான் ஏன் திறக்கிறேன்? உரக்கப் படிச்சிட்டிருக்கேன்."

இரவுக்குள் அந்தப் பக்கத்தை முந்நூறு வீடுகளில் திறந்துவிட்டார்கள். கீழே யாரோ கருத்து எழுதியிருந்தார்கள்: 'எங்கள் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. அப்பா பெயரை இன்னும் சத்தமாக வாசித்தோம்.'

இதை எழுதும்போது என் கதவையும் அந்தப் பெரியவர் தட்டுகிறார்.

தட்டட்டும்.