எதிர் மூலையில் தட்டு

வீட்டுத் தண்ணீர் இனித்தது. சர்க்கரை போட்ட இனிப்பில்லை. குடித்து முடித்த பிறகு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுக்கிற மெல்லிய இனிப்பு, அதற்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கிற ஒரு பொட்டுக் கசப்பு. அவள் டம்ளரைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ருசி அவளுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தண்ணீர் கலக்கும்போது ஒருமுறை விரலில் பட்டதை, யாரும் பார்க்கவில்லையே என்று நக்கிப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, தண்ணி ஒரு மாதிரி இருக்கே?"

குழந்தை தூங்குகிற கூடத்தில் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்த கணவர் திரும்பவில்லை. "ஃபில்டர் மாத்தினேன். ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் உறுத்தியது. சாவி எங்கே என்று கேட்டால்கூட மோட்டுவளையைப் பார்த்து யோசிக்கிற மனிதர் அவர்.

இருவரும் வேலை பார்ப்பது ஒரே ஆய்வுக்கூடத்தில்தான். அவர் பசிப் பிரிவின் தலைவர். எலிகளைக் கையில் எடுப்பது இவள். மூளையின் அடியில் பசிக்கென்று ஒரு சின்னக் கூட்டம் நியூரான்கள் இருக்கின்றன. அவற்றின் மேல்தோலில் பூட்டுகள். சரியான சாவி வந்து விழுந்தால் உள்ளே ஜி புரதம் என்கிற தூதன் விழித்துக்கொள்ளும். அதில் ஒரு வகை நியூரானைக் கத்தச் சொல்லும், இன்னொரு வகை வாயை மூடச் சொல்லும். இவர்கள் எலிகளுக்குப் புதிதாக ஒரு பூட்டைப் பொருத்தியிருந்தார்கள். அது ஒரே ஒரு பொடிக்குத்தான் திறக்கும், திறந்தால் கத்தத்தான் சொல்லும். பொடி கசக்கும் என்பதால் தண்ணீரில் இனிப்பு. பூட்டை ஏற்ற ஊசிகூட வேண்டாம், மூக்கில் சொட்டு விட்டாலே போதும் என்பது கணவரின் கண்டுபிடிப்பு.

போன மாதம் அவளுக்கு ஜலதோஷம். "தலையைப் பின்னால சாச்சுக்கோ" என்று அவரே மூக்கில் மருந்து விட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை. அன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

வயிறு நிறையத் தின்ற எலிகூட அந்தத் தண்ணீர் உள்ளே போனால் பட்டினி எலியாகிவிடும். பூனை வாடை அடிக்கிற பெட்டிக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும். பயம் இருந்த நாற்காலியில் பசி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசிச் சோதனை ஒரு தாய் எலிக்கு. ஒரு மூலையில் குட்டி, எதிர் மூலையில் சாப்பாடு, நடுவில் வெட்டவெளி, மேலே வெள்ளை விளக்கு. மற்ற நாட்களில் குட்டி கீச்சென்றால் ஓடி வந்து கவ்விக்கொள்கிறவள், அன்று அதைத் தாண்டிப் போனாள். "பாத்தியா, பாத்தியா!" என்று குதித்தார் கணவர், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு. இவளும் சிரித்தாள். மறுநாள் கூண்டில் குட்டி இல்லை. கூண்டில் ஒட்டியிருந்ததைக் கழுவியது இவள்தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

கூடத்தில் மறுபடி சோபாவின் கால் தரையில் உராயும் சத்தம்.

"விடுமுறை நாள்ல எதுக்குங்க அதையெல்லாம் இழுக்கறீங்க?"

"தரை துடைக்கலாம்னு. நீ உக்காரு. இன்னொரு டம்ளர் தண்ணி குடி."

வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா இவருக்கு? அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். ஃபில்டரின் மூடியைச் சத்தமில்லாமல் திருகினாள். உள்ளே அதே பழைய உருளை, அதே பழுப்பு. எவரும் மாற்றவில்லை. கை நடுங்கியது. அலமாரியின் மேல்தட்டு, மாவு டப்பாக்களின் பின்புறம், குப்பைக்கூடை என்று பொடியைத் தேடினாள். தேடத் தேட வீடே மணத்தது. மூடிய டப்பாவுக்குள்ளிருந்து ரொட்டியின் புளித்த வாசனை, உறையைத் தாண்டி வெண்ணெயின் கொழுப்பு வாசனை, மதியம் கழுவிவைத்த தட்டில்கூட முட்டையின் வாசனை. பொடி கிடைக்கவில்லை. நிமிர்ந்தபோது முந்தானையெல்லாம் பிஸ்கட் தூள், காலடியில் காலி உறைகள். தான் எப்போது தின்றோம் என்று அவளுக்கு நினைவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. முதலில் குழந்தை.

அப்போதுதான் கவனித்தாள். கை நடுங்குவது நின்றிருந்தது. வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டிய நேரம் இது. வயிறு வேறு வேலையில் இருந்தது.

*பயப்படு,* என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். *தயவு செஞ்சு பயப்படு.*

கூடத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது.

கதவைத் திறந்தாள். கூடம் காலியாக இருந்தது. சோபா, நாற்காலி, மேசை எல்லாம் சுவரோரம். பகலிலேயே அத்தனை விளக்குகளும் எரிந்தன. வாசல் கதவுப் பக்கத்து மூலையில், பாயில், குழந்தை. எதிர் மூலையில் ஒரு தட்டு. நடுவில் வெறும் தரை.

கணவர் சுவரோரம் நின்றிருந்தார். ஒரு கை சட்டைப்பைக்குள்.

"போம்மா," என்றார் மெதுவாக. "பாப்பா அழறா பாரு."

டக். சட்டைப்பைக்குள் ஏதோ அழுத்திய சத்தம்.

குழந்தையிடம்தான் போனாள். போகத்தான் நினைத்தாள். என் பொண்ணு, என் பொண்ணு என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கால் கேட்கவில்லை. அழுகை கேட்டது, அடுத்த வீட்டுக் குழாய்போல. வாசல் கதவு தெரிந்தது. யாருடைய கதவோ.

தட்டில் ரொட்டி. வெண்ணெய். சூடு.

உட்கார்ந்தாள். இரண்டு கையாலும். மெல்லாமல். தொண்டை வலித்தது. நல்ல வலி.

தட்டு காலி. பசி போகவில்லை.

அழுகை நின்றிருந்தது. தரையில் சின்னச் சின்னத் தட்டல்கள். உள்ளங்கை, முழங்கால். உள்ளங்கை, முழங்கால். அம்மா வராததால் குழந்தையே தவழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஏய்," என்றார் கணவர். குரலில் குதிப்பு இல்லை. "ஏய், போதும். நிறுத்திக்கலாம்." அவர் சுவரை விட்டு நகரவில்லை.

குழந்தை அவள் மடியைப் பிடித்து எழுந்தது. சிரித்தது. வெண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டுக்குள் கையை நீட்டியது.

மெத்தென்ற கை. பால் வாசனை.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். நல்ல வாசனை. எவ்வளவு நல்ல வாசனை.