முந்தி வந்த நாரதர்

ஸ்ரீதேவி அரங்கின் பின்வாசலில் நின்றாள். உச்சியில் கொண்டை, கழுத்தில் சாமந்தி மாலை, கையில் அட்டையில் செய்த தம்புரா. குற்றாலத்துப் பள்ளியின் ஆண்டு விழா நாடகத்தில் அவள்தான் நாரதர்.

கடைசிக் காட்சியில்தான் நாரதர் வருவார். கூட்டத்தின் நடுவே பாடிக்கொண்டே நடந்துபோய் மேடையேற வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு மாதம் பழகியிருந்தாள்.

மேடையில் இந்திரன் எழுந்தான். அது அவள் வகுப்பு சுபாஷ். முன்வரிசையில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். ராணுவத்திலிருந்து லீவில் வந்தவர். மகனை மேடையில் அவர் பார்த்ததே இல்லை. நாளைக்குக் கிளம்பிவிடுவார்.

“தேவர்களே...” என்றான் சுபாஷ். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து நிர்மலாதேவி டீச்சர் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். சாரல் வலுத்துத் தகரக் கூரை தடதடத்ததில் அது அவன் காதில் விழவே இல்லை.

“ஏலே, இந்திரன் நின்னுக்கிட்டே தூங்குதான்!” என்று யாரோ கத்தினார்கள்.

சுபாஷ் முன்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நாரதர் எந்த உலகத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் போவார். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது போனால் அவனைக் காப்பாற்றலாம். ஆனால் என் பாட்டு? ஸ்ரீதேவியின் மனசு பின்னால் இழுத்தது. கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன.

“நாராயண! நாராயண!”

மேடையேறி மூச்சு வாங்கினாள். “தேவேந்திரா! மூன்று உலகமும் சுற்றி வருகிறேன். எங்குமே ஒரு சொட்டு மழை இல்லையே! மேகங்களை யார் பிடித்து வைத்தது?”

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. சுபாஷும் சிரித்துவிட்டான். சிரித்ததும் வசனம் வந்துவிட்டது.

“அசுரன், நாரதரே! அசுரன்தான் மேகங்களைச் சிறை வைத்திருக்கிறான்!”

அதன்பின் அவன் தடுமாறவே இல்லை. கடைசியில் ஸ்ரீதேவி மேடை ஓரத்தில் நின்றபடியே பாடினாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது.

நாடகம் முடிந்ததும் சுபாஷ் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தான்.

“எப்பா, எனக்கு வசனமே மறந்துட்டு. இவதான் முந்தியே ஓடி வந்து காப்பாத்துனா.”

“அப்படியா? நான் நாடகமே அப்படித்தான்னுல்லா நெனச்சேன்!” அப்பா சிரித்தார். பிறகு அவர் குரல் தாழ்ந்தது. “ரொம்ப நன்றிம்மா. நீ ஓடி வந்தது, இவன் பேசுனது எல்லாம் போன்ல பிடிச்சிருக்கேன். லடாக்ல பனிக்குள்ள உக்காந்து தெனமும் பார்ப்பேன்.”

அவர் கண் கலங்கியிருப்பதை ஸ்ரீதேவி பார்த்தாள். அவளுக்குள் இருந்த வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

“பாருங்க மாமா,” என்றாள். “நாரதர் அங்கனயும் வருவாரு.”