வாய் நிறையத் திராட்சை

ஆங்கிலத்தில் ‘கெட்’ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது. பொருள் வாங்கினாலும் கெட், பரிசு கிடைத்தாலும் கெட், வீடு போய்ச் சேர்ந்தாலும் கெட், சளி பிடித்தாலும் கெட்!

“நம்ம ஸ்பானிஷ்ல இதுக்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கு. இவங்களுக்கு மட்டும் என்ன பஞ்சமோ!” என்று நெரெயா அலுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த எலோய் சிரிக்கவில்லை. இன்று ஒவ்வொருவரும் எழுந்து ‘கெட்’ வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். போன வாரம் அவன் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஆங்கிலம் என்றாலே அவன் வாய்க்குப் பூட்டு.

“இன்னிக்கும் பேசலன்னா லீவு முழுக்க டியூஷன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஃபுட்பால் அவ்ளோதான்” என்றான்.

“பயப்படாதடா.”

“உனக்கென்ன? என்னைப் பாத்துதானே சிரிப்பாங்க.”

நெரெயாவுக்குப் பாவமாக இருந்தது. அப்போது அம்பாரோ டீச்சர் ஒரு கூடை திராட்சையோடு வந்தார். புத்தாண்டு பிறக்கும்போது மணி பன்னிரண்டு முறை அடிக்கும். அடிக்கு ஒரு திராட்சை சாப்பிட வேண்டும். அந்த ஊரில் அது இல்லாமல் ஆண்டே பிறக்காது. விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் அதற்கு ஒத்திகை. மணிக்குப் பதில் சட்டி மூடி.

நெரெயா கையைத் தூக்கினாள். “டீச்சர், நாம பன்னிரண்டு பேர்தானே? ஒவ்வொரு அடிக்கும் எல்லாரும் ஒரு திராட்சைய முழுங்காம வாய்ல போட்டுக்கறோம், ஒருத்தர் வாக்கியம் சொல்றோம்!”

“வாய்ல திராட்சையோடவா? ஆங்கிலம் தாங்குமா?” டீச்சர் சிரித்தார். “சரி, அதையும் பாத்துடுவோம்!”

டங்! முதல் பையன் தனக்குச் சைக்கிள் கிடைத்ததாக ஒழுங்காகத்தான் சொன்னான். டங்! டங்! திராட்சை சேரச் சேர எல்லோர் கன்னமும் உப்பியது. நெரெயா தனக்குப் பசி எடுப்பதாகச் சொல்லப் பார்த்தாள். ‘குளுகுளு’ என்றுதான் சத்தம் வந்தது. வகுப்பே குலுங்கியது.

டங்! கடைசி அடி. எலோய் எழுந்தான்.

“ஐ... கொழ கொழ...”

சாறு மோவாயில் வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் எலோய்தான்.

பிறகு மென்று விழுங்கினான். மோவாயைத் துடைத்துக்கொண்டான். யாரும் கேட்காமலே, பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்த கதையை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னான்.

“அடேங்கப்பா! உக்காருப்பா” என்றார் டீச்சர்.

எலோய் உட்காரவில்லை.

“டீச்சர், இன்னொண்ணு சொல்லட்டுமா?”