கிஃப்லா சாப்பிட்டால்

வைத்த எலி வைத்தபடியே கிடந்தது. அதில் புதிதாக ஒன்றுமில்லை. நெவென்காவைக் கதவருகிலேயே நிறுத்தியது வேறொன்று. எலி கிடந்த பக்கமே திரும்பாமல், கண்ணாடித் தொட்டியின் மறுமூலையில் பாம்பு தலையைத் தூக்கி, எதிர்ச்சுவர்க் கட்டிலை நோக்கி நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் அவள் மகள் இஸ்க்ரா படுத்திருந்தாள்.

ஆஸ்திரியாவில் லாரி ஓட்டும் அப்பா இஸ்க்ராவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த குட்டி மலைப்பாம்பு அது. எந்நேரமும் சுருண்டே கிடந்ததால், பேக்கரியில் விற்கும் வளைந்த ரொட்டியின் பெயரைச் சூட்டி, கிஃப்லா என்று கூப்பிட்டாள் அவள். வந்த நாளிலிருந்து அது ஒரு வாய் தின்னவில்லை. அது போகட்டும் என்று விட்டால், காய்ச்சலில் விழுந்து எழுந்த ஒன்பது வயசுப் பெண்ணும் வாயைக் கட்டிக்கொண்டாள். கிஃப்லா சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவேன் என்று ஒரே பிடிவாதம். இன்னும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விடவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நெவென்காவுக்குப் பாம்பின் வயிறும் மகளின் வயிறும் ஒன்றாகிவிட்டன.

உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கினாள். தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடுகாட்டினாள். நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து, உயிருள்ளது போல ஆட்டினாள். தொட்டியைப் போர்வையால் மூடி, மூச்சுவிடாமல் வெளியே காத்திருந்தாள். கல்லில் நார் உரித்த கதைதான்.

மீன், பறவைத் தீனியோடு உறைந்த எலியும் விற்கும் ராதிசாவின் கடைக்கு மறுபடியும் ஓடினாள்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளை இன்னும் முறுக்கிக்கிட்டுதான் இருக்காரா?"

"சிரிக்காதீங்க அண்ணே. எம்பொண்ணு எலும்பும் தோலுமா கெடக்கா. ஏதாச்சும் வழி சொல்லுங்க."

ராதிசாவின் சிரிப்பு நின்றது. "வாசனை ஏத்திப் பாருங்க. சிலதுக்கு எலி வாசம் பிடிக்காது. எலியைக் கோழிக்குஞ்சு மேல தேய்ச்சு வச்சா லபக்குன்னு பிடிச்சுக்கும். எதைப் பார்த்து நாக்கை நீட்டுதோ, அதோட வாசம்தான் அதுக்கு வேணும்." காசை வாங்கிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு இரையைத் தொடுங்க. வீட்டு மனுஷங்க வாசம் அதுல ஒட்டவே கூடாது. ஒரு தடவை இதுதான் சாப்பாடுன்னு படிஞ்சுட்டா, அப்புறம் மாத்த முடியாது."

கோழிக்குஞ்சு வாசமும் பலிக்கவில்லை. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் குளிர்காலம். அலமாரிமேல் அடுக்கியிருந்த சீமை மாதுளம் பழங்களின் இனிப்பு மணம் அறை முழுக்க நிறைந்திருக்க, வீட்டைச் சூடேற்றும் குழாய்க்குள் தண்ணீர் களக் களக்கென்று விழுங்கிக்கொண்டிருக்க, தொட்டி விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் அந்தச் சின்ன நாக்கு மட்டும் கட்டிலை நோக்கி ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்து நீட்டுதோ. நெவென்காவுக்கு அழுகை முட்டியது. தூங்கும் மகளின் தலையைத் தூக்கித் தலையணை உறையை மெல்ல உருவினாள். வியர்வையும் எண்ணெயும் கலந்த பிள்ளை வாசனை. அதில் எலியை வைத்துச் சுருட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டு உருட்டென்று உருட்டினாள். தப்பு என்று தெரிந்துதான் செய்தாள். தாய்க்கு வேறென்ன வழி?

இடுக்கி தொட்டிக்குள் இறங்கியதுதான் தாமதம். ஒரே பாய்ச்சல். அவள் கை அதிர்ந்தது. பாம்பு எலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. வாய் விரிந்தது. தலை போயிற்று, தோள் போயிற்று, கடைசியில் வாலும் போயிற்று. கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு மெல்ல நகர்ந்தது.

"கடவுளே, தின்னுடுச்சு!" நெவென்கா வாய்விட்டு அழுதாள். அடுப்படிக்கு ஓடி, மாவைக் கரைத்து, மெல்லிய பலாச்சிங்கா அடைகளை வெண்ணெயில் வார்த்து, பாதாமி ஜாம் தடவிச் சுருட்டிக் கொண்டுவந்தாள்.

"எழுந்திருடி தங்கம். கிஃப்லா சாப்பிட்டாச்சு. நீ சொன்ன வாக்கைக் காப்பாத்தணும்ல?"

இஸ்க்ரா கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டாள். "எனக்கு வயிறு நெறஞ்சிருச்சும்மா."

"ஏய், ஏமாத்தாத. ஒரே ஒரு வாய்."

"லைட்டைப் போடும்மா."

அடை கொண்டுவந்தபோதே அவள் போட்ட அறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நெவென்கா குனிந்து மகளின் உச்சியில் முத்தமிட்டாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து, தலைமுடிக்குள் மூக்கைப் புதைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. கழுத்தில் இல்லை. அக்குளில் இல்லை. அலமாரிமேல் பழம் மணத்தது, தட்டில் வெண்ணெய் மணத்தது. பிள்ளை மட்டும் கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர் மாதிரி வாசமற்றுக் கிடந்தாள். கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"இறுக்கமா இருக்கும்மா," என்றது குரல்.

இஸ்க்ராவின் உதடுகள் அசையவில்லை.

நெவென்கா திரும்பாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பாம்பு நீட்டிக் கிடந்தது. அதன் நடுவில் அந்தப் புடைப்பு. ஏறியது. இறங்கியது. ஏறியது. தூங்கும் குழந்தையின் நெஞ்சு போல.

கட்டிலில் கிடந்த நெஞ்சு ஏறவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் இது நிஜமாகிவிடும். அடையில் ஒரு துண்டு பிய்த்து மகளின் வாயில் வைத்தாள். நாக்கின் மேல் அது அப்படியே இருந்தது. தாடையைத் தடவிக் கொடுத்தாள். "முழுங்குடி. முழுங்கு. அம்மாவுக்காக."

தொண்டை அசையவில்லை. தொட்டிப் பக்கமிருந்து மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. எச்சில் கூட்டி விழுங்கும் சத்தம்.

"பசிக்குதும்மா."

எத்தனை நாளாக இந்த ஒரு சொல்லுக்காக ஏங்கிக் கிடந்தாள்!

நெவென்கா தட்டை எடுத்துக்கொண்டாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தொட்டி முன்னால் மண்டியிட்டு மூடியைத் திறந்தாள். வியர்வையும் எண்ணெயும் கலந்த பிள்ளை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

"இதோ, அம்மா வந்துட்டேன். ஆ காட்டு," என்றாள்.

பாம்பின் தோலுக்கு அடியில் அந்தப் புடைப்பு மெல்லத் திரும்பியது. அவள் குரல் வந்த பக்கமாக நிமிர்ந்து, நடுவில் ஓரிடத்தில் குழிந்து, ஒரு சின்ன வாய் போலத் திறந்தது.