மூணாம் நம்பர் சைக்கிள்

மலைமேட்டில் போன் அலறியது.

மேஸ்திரி சைக்கிளை நிறுத்தி எடுத்தார். மனைவி.

"ஏங்க... பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"மூணாம் நம்பர் இருக்காரு. பல் டாக்டர்."

"ஐயோ! அது டாக்டர் இல்லைங்க!"

"என்னடி உளர்றே?"

"டாக்டர் இங்க கடையில உக்காந்திருக்காரு! கையெல்லாம் ரத்தம்! நீங்க கிளம்புற நேரத்துல ஒருத்தன் அவரைக் கத்தியால கிழிச்சு, ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கிட்டு அவரு சைக்கிள்ல ஏறிட்டானாம்! நகைக்கடைக்காரரைக் கொன்னுட்டு ஓடினவனைத் தேடி இப்பதானே போலீஸ் வந்துட்டுப் போச்சு... அவனேதாங்க!"

மேஸ்திரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

இருபது வருஷம் ஊராருக்கு வீடு கட்டிவிட்டு, இனி நமக்கென்று ஒரு தொழில் என்று மலைப்பாதையில் சைக்கிள் சவாரி கூட்டிப்போக ஆரம்பித்தவர். இன்றுதான் முதல் சவாரி!

முன்னால் அவர். கடைசியில் வர மச்சான். நடுவே மூன்று பேர். ஒரு புது ஜோடி, ஒரு பல் டாக்டர். மூவருக்கும் தாடை வரை மூடிய ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. கையெழுத்து வாங்கியது மச்சான். மேஸ்திரி கொல்லைப்பக்கம் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது சைக்கிள் நம்பரை எண்ணினாரே தவிர, ஒரு முகத்தையும் பார்க்கவில்லை!

மனைவியோ சைக்கிள் கடையைத் திறந்து வைக்க, சவாரி கிளம்பிய பிறகுதான் வந்தாள்.

"போன்ல யாரு சார்?"

முதுகுக்குப் பின்னால் குரல். மூணாம் நம்பர்!

"வீ... வீட்டுல. சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாம்."

"அதுக்கா உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

மேஸ்திரி மச்சானுக்குப் போன் போட்டார். அவன் வளைவுக்குக் கீழே, புது ஜோடியின் அறுந்த செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

மச்சானின் போன் ஒலித்தது... மேஸ்திரியின் பைக்குள்ளேயே! கீழே விழுந்து உடையும் என்று காலையில் அவரே வாங்கி வைத்தது.

மூணாம் நம்பர் நெருங்கி வந்தான். இடதுபக்கம் பாறை. வலதுபக்கம் அதலபாதாளம். நடுவில் ஒற்றையடி.

"ஒண்ணு கேக்கணும் சார்... இங்கேருந்து விழுந்தா பாடியாவது கிடைக்குமா?"

மேஸ்திரி பாறைப் பக்கம் ஒதுங்கினார்.

"ஏ... ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். இங்க நம்ம ரெண்டு பேரு மட்டும்தானே?"

கை அவர் தோளில் விழுந்தது!

சத்தம் போட்டால் கத்தி. ஓடினால் பள்ளம். சும்மா நின்றாலோ, இன்னும் பத்து நிமிஷத்தில் அந்தப் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் இவன் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுவார்கள்.

எதிரே ஒரு சரிவு. செங்குத்து என்றாலும் உயரம் இரண்டு ஆள்தான். அடியில் முட்புதர்.

"டாக்டர்... நீங்க முன்னாடி போங்க."

"நானா? பயமா இருக்கே!"

"ஒரு பயமும் இல்ல. முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிங்க. பின் பிரேக்கைத் தொடவே கூடாது."

சைக்கிள் ஓட்டத் தெரிந்த எவனும் கேட்காத யோசனை. மூணாம் நம்பர் கேட்டான்!

கிரீச்...!

முன் சக்கரம் நின்றது. ஆள் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து முட்புதரில் தொப்பென்று விழுந்தான்.

மேஸ்திரி சறுக்கி இறங்கினார். முதுகில் ஏறி உட்கார்ந்தார். பையிலிருந்த மாற்று டியூபை எடுத்து, சாரம் கட்டும் முடிச்சுப் போட்டு இரண்டு கையையும் இறுக்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி வீசினார்.

"மாமா!"

மேலே மச்சான். பின்னால் புது ஜோடி, வாயைப் பிளந்துகொண்டு.

"டாக்டர் மேல ஏன் மாமா உக்காந்திருக்கீங்க?"

"டாக்டரா? மூஞ்சிய நல்லாப் பாருடா!"

"பாத்துட்டுதான் சொல்றேன். காலையில எங்கிட்ட கையெழுத்துப் போட்டவரு இவருதான்!"

கீழேயிருந்து ஒரு முனகல்.

"பயத்துல ஒரு கேள்வி கேட்டேன் சார்... அதுக்காகவா?"

இவர் டாக்டர் என்றால்... கடையில்? கையில் ரத்தத்தோடு? மனைவியோடு தனியாக?

போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

நாலாவது முறை...

"சொல்லுங்க."

"உசுரோட இருக்கியாடி?"

"எனக்கென்ன! அவன்தான் உள்ள கிடந்து கத்துறான். வெந்நீர் எடுத்துட்டு வர்றேன்னு வெளிய வந்து, ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டேன். போலீஸும் வந்தாச்சு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"காயத்துக்குக் கட்டுப் போட்டேன். டாக்டர்தானேன்னு ஆடுற கடவாய்ப் பல்லையும் காட்டினேன். 'பால் பல்லும்மா, தானா விழுந்துடும்'ங்கறான்! நாப்பத்தி ரெண்டு வயசுல எனக்கு ஏதுங்க பால் பல்லு?"

"பல் டாக்டர், மூணாம் நம்பர்... இதெல்லாம் அவனுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இன்னிக்கு யாருக்கு எந்த சைக்கிள்னு கடை போர்டுல கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கீங்களே! போலீஸை மலைக்கு ஏத்திட்டு, ரோட்டுப் பக்கம் நழுவப் பாத்திருக்கான்... அது சரி, அங்க என்னங்க முனகல்?"

மேஸ்திரி மெல்ல எழுந்து, முடிச்சை அவிழ்த்தார். டாக்டர் மூக்கில் குத்தியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்... என் பொண்டாட்டிக்குப் பல் ஆடுது, கொஞ்சம் பாக்கணுமே?"

"தாராளமா கூட்டிட்டு வாங்க, வலிக்காம பாத்துடறேன். அப்படியே நீங்களும் வாங்க சார்... உங்களுக்கு முப்பத்திரண்டையும் மரத்துப்போற ஊசி போடாமலே பிடுங்கறேன்!"